இடது காதின் வெட்டு

ஆட்டுக்காரர் விடியற்காலையிலிருந்து பட்டியின் வாசலில் நின்று ஆடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொடுத்தார். கால்நடை டாக்டரம்மா வலது காதில் தொங்கிய வில்லையின் எண்ணைப் படித்து, கையிலிருந்த ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் தேடினார். "சிவப்பு" என்றால் உதவியாளர் முதுகில் சிவப்புச் சாயம் பூசி லாரிப் பக்கம் தள்ளினார். "நீலம்" என்ற சொல் அபூர்வமாகத்தான் வந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு தாயாடு வேலிக்கம்பத்தில் உரசத் தொடங்கியது. விலாவில் மயிர் உதிர்ந்து தோல் தெரியும்வரை உரசியது. பிறகு நடுங்கி விழுந்தது. அது போல இன்னும் மூன்று.

"கிருமின்னாகூட மருந்து குடுக்கலாம்ணே. இது உடம்புல இருக்கிற ஒரு புரதமே தப்பா மடிஞ்சு மூளையைத் தின்னுது" என்று அப்போது டாக்டரம்மா சொல்லியிருந்தார். "சில ஆட்டுக்குப் பிறப்புலயே இதைத் தாங்குற குணம் இருக்கும். ரத்தத்துல பார்த்தா தெரிஞ்சுடும். அது இருந்தா நிக்கும். இல்லன்னா நோய் வராததையும் வெட்டித்தான் ஆகணும்."

இருநூற்றுப் பன்னிரண்டு ஆடுகள். அவற்றில் பதினொன்று ஆட்டுக்காரருடையவை; மற்றவை பண்ணை முதலாளியுடையவை. கூலியின் ஒரு பகுதியாக வருஷத்துக்கு ஒரு பெட்டைக் குட்டி என்பது அவருடைய அப்பா காலத்துப் பேச்சு. சான்றிதழோடு வாங்கிய பெரிய கிடாவின் குட்டிகளை முதலாளி தனக்கே வைத்துக்கொள்வார். பழைய குட்டைக் கிடாவுக்குப் பிறந்ததில் ஒன்றை இவருக்குக் கொடுப்பார். இவர் அதன் இடது காதோரத்தில் முக்கோணமாக ஒரு வெட்டுப் போடுவார். அந்த வெட்டு இவர் வீட்டு அடையாளம்.

ஆறு வருஷத்துக்கு முன் வில்லை இல்லாத ஆடு இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. நிலம் உள்ளவர் பெயரில்தான் வில்லை கொடுத்தார்கள். "என் நம்பரையே போட்டுக்கோ, நமக்குள்ள என்ன" என்றார் முதலாளி. ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாங்கச் சொன்னாள் மனைவி. "அப்பாவும் கேட்டதில்ல, தாத்தாவும் கேட்டதில்ல. நான் போய் அவர் பேச்சை நம்பலன்னு காட்டவா?" என்று மறுத்துவிட்டார்.

உச்சிவேளையில் பெரிய கிடாவின் முறை வந்தது. "சிவப்பு" என்றார் டாக்டரம்மா. முதலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சர்டிபிகேட் வச்சிருந்தவர் லாரியில ஏறுறாரு, வழிவிடுங்கப்பா" என்றான் லாரிக்காரன். ஒருவரும் சிரிக்கவில்லை.

வேலை முடிந்தபோது நீலச் சாயத்தோடு பத்தொன்பது நின்றன. எல்லாம் குட்டைக் கிடாவின் வழி. காதில் வெட்டுள்ள பதினொன்றும் அதில் இருந்தன.

சாப்பாட்டுத் தூக்குடன் வந்திருந்த மனைவி எண்ணிப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது. இனி இந்தப் பண்ணையில் ஆள் தேவைப்படாது என்று போன வாரமே சொல்லிவிட்டார்கள். ஆற்றோரத் தோப்புக்காரரிடம் மரத்தடியில் மேய்க்க அவள் இடம் கேட்டு வைத்திருந்தாள்.

"ஐயா, சாயந்திரம் நம்ம பதினொண்ணையும் ஓட்டிக்கிட்டுப் போறோம்" என்றார் ஆட்டுக்காரர்.

முதலாளி தணிந்த குரலில், "காகிதத்துல பத்தொன்பதும் என் நம்பர்ப்பா. இனி இதுங்கதான் பண்ணைக்கு வித்து. ஒண்ணு குறைஞ்சாலும் கேள்வி வரும்" என்றார். "இந்தப் பதினொண்ணும் சிவப்பா வந்திருந்தா என்னோடதுன்னு வந்து நின்னிருப்பியா?"

"நின்னிருப்பேன். லாரியில நானே ஏத்திவிட்டிருப்பேன்."

முதலாளி செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினார். ஆட்டுக்காரர் டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"காதுல வெட்டு இருக்கு, நானும் பார்த்தேன்" என்றார் அவர். "ஆனா வெட்டை எழுதப் படிவத்துல இடம் இல்லண்ணே."

"இன்னும் கேளுங்க. வாயில என்ன பூட்டா?" என்றாள் மனைவி.

"இத்தனை பேர் முன்னாடி என் ஆட்டுக்கு நானே கெஞ்சணுமா?"

"மானத்தை வச்சுக்கிட்டு எத்தனை ஆடு மேய்க்கப் போறீங்க?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நோயைத் தாங்கும் ஆடுகளுக்குப் பச்சை வில்லை. வலது காதில் ஏற்கெனவே ஒன்று இருந்ததால் இதை இடது காதில் போட வேண்டும். உதவியாளர் கிட்டே போனால் ஆடுகள் மிரண்டு ஓடின. "அண்ணே, நீங்களே பிடிச்சுக் குடுத்துடுங்க" என்றார் டாக்டரம்மா.

ஆட்டுக்காரர் மண்டியிட்டார். ஒவ்வொரு தலையையும் அக்குளில் அணைத்துக் காதை விரித்துக் கொடுத்தார். "அங்க வேண்டாம், நரம்பு ஓடுது, ரத்தம் வரும். இப்படி ஓரமாப் போடுங்க" என்று இடத்தையும் விரலால் காட்டினார். இடுக்கி கடித்தது. அகலமான பச்சை வில்லை அந்த முக்கோணத்தின் மேல் படிந்தது. பதினொரு முறை.

பட்டியைத் திறந்துவிட்டார்கள். எட்டு ஆடுகள் முதலாளியின் புல்வெளிக்குள் ஓடின. பதினொன்று வாசலிலேயே நின்றன.

"கூப்பிடுப்பா" என்றார் முதலாளி.

ஆட்டுக்காரர் நாக்கைச் சொடுக்கியபடி முன்னால் நடந்தார். அவை பின்னாலேயே உள்ளே வந்தன. புல்வெளியின் நடுவரை போய் நின்றார். அவை தலை குனிந்து மேயத் தொடங்கியதும் மெதுவாகத் திரும்பினார். அவையும் திரும்பி, அவர் பின்னாலேயே வாசல்வரை வந்தன.

அவர் வெளியே வந்து, முன்னால் நின்றதன் மூக்கைக் கையால் உள்ளே தள்ளிவிட்டு, கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டினார்.