மூன்று விரல் அகல மங்கல்

"மெஷினுக்கு எங்க வலிக்குதுன்னு அதுக்கே தெரியுமாப்பா?"

மெக்கானிக்கின் மகள் ஆறு வயதில் கேட்ட கேள்வி அது. பிரிண்டரின் மோட்டார் ஒன்றை வீட்டுக் கூடத்தில் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், "தெரியாம என்ன? எர்ரர் நம்பர் போட்டுக் காட்டுமே" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "எனக்குப் பல்லு வலிச்சப்ப நான் காதுன்னுதானே சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. மெக்கானிக் அதை மறந்தே போயிருந்தார். இன்று பேனர் கடையின் ஷட்டரைத் தாண்டி உள்ளே நுழையும்போது அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே கணக்குதான். இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. முதல் தடவை பெல்ட்டை மாற்றினார். அடுத்த தடவை மோட்டாரையே மாற்றினார். இன்னும் மாற்ற என்ன பாக்கி இருக்கிறது?

"வாங்க டாக்டர்," என்றார் கடை முதலாளி. "பேஷன்ட் சாகல. எங்களைத்தான் சாகடிக்குது. ஆறு மணிக்குள்ள புது ஆஸ்பத்திரிக்கு நாலு போர்டு போகணும். எல்லாமே முழு அகலம்."

ஆறடி அகல பிரிண்டர். மை துப்பும் தலை அதன் தண்டவாளத்தில் பாதியில் நின்றுகொண்டிருந்தது. திரையில் அதே சிவப்பு எண், அதே வாசகம்: தலையை நகர்த்தும் மோட்டாரில் கோளாறு.

"மெஷினைக் குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது? ஓட்டுற கை சரியில்ல," என்றார் முதலாளி. "பேனர் ரோல் மாட்டும்போது எங்கயோ இடிச்சு வெச்சிருக்கா. பொண்டாட்டி தங்கச்சியாப் போயிட்டா, நான் வாயைத் தொறக்க முடியல. நாளையிலிருந்து வேற ஆள் வராரு."

வாயைத் திறக்க முடியாததை அவர் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். மூலை மேஜையில் பேனர் ஓரத்துக்கு இரும்பு வளையம் அடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் கடையில் எல்லாருக்கும் அவள் 'கண்ணாடி'. ஐந்து வருடமாக இந்த பிரிண்டரை ஓட்டியவள். போன வாரம்தான் வளைய மேஜைக்குத் தள்ளப்பட்டாள். மெத்தை வைத்துத் தைத்த அவளுடைய நாற்காலியும் அவளோடு அங்கே போயிருந்தது.

"தொறக்காமலே இந்தச் சத்தம்னா, தொறந்தா ஷட்டர் கழண்டு விழுந்துடும் மாமா," என்றாள் அவள்.

சுத்தியல் மறுபடி டொக் டொக்கென்று விழுந்தது. கொஞ்சம் பலமாகவே.

மெக்கானிக் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தலையைக் கையால் தள்ளினார். வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போனது. பெல்ட் சரியாக இருந்தது. கேபிளில் விரிசல் இல்லை. மறுபடி ஓட விட்டார். மெதுவாகப் போனபோது கடைசிவரை போய்வந்தது. வேகம் எடுத்ததும் கடகடவென்று உதறி நின்றது. நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். ஐந்து தடவை ஓட்டினார். ஐந்து கோடும் ஒரே இடத்தில், இடது பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

"மணி ரெண்டு," என்றார் பின்னால் நின்ற முதலாளி. பத்து நிமிடம் முன்பும் அவர் மணி சொல்லியிருந்தார்.

மோட்டாரில் கோளாறு என்றால் அது எங்கே வேண்டுமானாலும் நிற்குமே. இங்கே மட்டும் ஏன் நிற்கிறது? அப்போதுதான் மகளின் கேள்வி மண்டைக்குள் சுருக்கென்று தைத்தது. வலி பல்லில், இது காதைக் காட்டுகிறது.

தலைக்குப் பின்னால், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, ஒளி ஊடுருவும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை இழுத்துக் கட்டியிருக்கும். அதில் மயிரிழையாக ஆயிரக்கணக்கில் கோடுகள். அவற்றை எண்ணித்தான் தலை தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும். மெக்கானிக் அதைச் சோதிக்கவே இல்லை. அவரே துடைத்துச் சுத்தம் செய்த பட்டை. அதில் என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்பு.

பட்டைக்குப் பின்னால் செல்போன் விளக்கைப் பிடித்தார். சாக்பீஸ் கோட்டுக்கு நேராக மூன்று விரல் அகலத்துக்குப் பால் போல மங்கியிருந்தது. அங்கே கோடுகளே இல்லை.

இரண்டு மாதம் முன்பு இதே இடத்தில் நின்று பட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் பள்ளியிலிருந்து போன் வந்தது: மகள் மயங்கி விழுந்துவிட்டாள். பையில் ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் தலையில் உறைந்த மையைக் கரைக்கும் திரவம். அந்தப் பதற்றத்தில் எதில் துணியை நனைத்தோம்? கோடுகளும் மைதானே. கரைந்துவிட்டன.

"நீங்க கிளம்புங்க அண்ணா, மூடியை நான் போட்டுக்கறேன்," என்று அன்றைக்கு அவரைத் துரத்தியவள் கண்ணாடிதான்.

விளக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினார். மங்கலுக்கு நேர் கீழே, சட்டத்தில், நகம் அளவுக்கு நீல டேப் ஒன்று ஒட்டியிருந்தது. ரோலின் ஓரத்தை அடையாளம் வைக்க அவள் ஒட்டுவாளே, அதே டேப். ஓரமெல்லாம் தூசு படிந்து பழசாகியிருந்தது.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் இத்தனை நாளும் அகலம் குறைந்த ரோல்களையே வலது ஓரமாக மாட்டி, தலை இந்த இடத்துக்கு வராமல் ஓட்டிச் சமாளித்திருக்கிறாள். முழு அகல ஆர்டர்கள் வரத் தொடங்கியதும்தான் குட்டு உடைந்தது, பழியும் அவள் தலையில் விழுந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை. ஏன் என்பதும் அவருக்குப் புரிந்தது. அன்று பள்ளியிலிருந்து அழைப்பு வருவதற்குச் சற்று முன்னால் அவருடைய மேனேஜரும் போனில் கத்தினார்: இன்னொரு புகார் வந்தால் வேலை கிடையாது. அது பக்கத்தில் நின்ற அவள் காதிலும் விழுந்திருக்கும். போன இரண்டு தடவையும் முதலாளி அவர் தோளை விட்டு நகரவில்லை. தனியாகச் சொல்ல அவளுக்கு ஏது நேரம்? இந்த டேப்பையாவது அவர் பார்ப்பார் என்று நினைத்திருக்கலாம்.

"என்ன, கிடைச்சுதா?" முதலாளி குனிந்தார். மெக்கானிக்கின் உள்ளங்கை தானாக டேப்பை மூடியது.

"பட்டை போயிருக்கு சார். புதுசு பையில இருக்கு, மாத்திடறேன்."

மாற்றிக்கொண்டிருந்த அரை மணி நேரமும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. ரிப்போர்ட்டில் 'பட்டை பழசாகிவிட்டது' என்று ஒரு வரி எழுதினால் போதும், யாரும் கேட்கப்போவதில்லை. வேலை தப்பும். பழசாக விட்டது யார் என்று முதலாளி தன் இஷ்டத்துக்கு முடிவுசெய்துகொள்வார். நாளைக்குப் புது ஆள் வந்துவிடுவார். மூலையில் சுத்தியல் விழுந்துகொண்டே இருந்தது. ஆண்டவனே, பயத்தைக் கொஞ்சம் தள்ளி வை என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டார். பயம் அப்படியொன்றும் தள்ளிப்போகவில்லை. ஆனாலும் பேனாவை எடுத்து ரிப்போர்ட்டை எழுதினார்.

தலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தடங்கலில்லாமல் ஓடியது. முதல் போர்டு இறங்கத் தொடங்கியது. வளையம் அடித்து முடித்த பேனர்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கண்ணாடி டெலிவரிக்குக் கிளம்பினாள்.

அவள் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் மெக்கானிக் ரிப்போர்ட்டை நீட்டினார். "சார், தப்பு என்னோடது. ரெண்டு மாசம் முன்னாடி தப்பான திரவத்தைப் போட்டு நான்தான் துடைச்சேன். உங்க ஆள் எதையும் இடிக்கல."

முதலாளி படித்தார். இன்னொரு தடவை படித்தார். "யோவ், ஒரு மாசமா நான் அவளை..." என்று தொடங்கினார். பிறகு மெக்கானிக்கைத் திட்டினார், கம்பெனியைத் திட்டினார், போர்டு கேட்ட ஆஸ்பத்திரியையும் ஒரு பிடி பிடித்தார். கடைசியில் குரல் இறங்கிவிட்டது. "இதை அப்படியே உங்க கம்பெனிக்கு அனுப்பினா உங்க வேலை?"

"தெரியாது சார். கையெழுத்துப் போடுங்க."

போட்டுக் கொடுத்தார். "வரச்சொன்ன ஆளை வேணாம்னு சொல்லணும். வீட்ல அவ அக்காகிட்ட வேற வாங்கிக் கட்டிக்கணும்," என்று முனகிக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

கடையில் பிரிண்டரின் சத்தம் மட்டும் இருந்தது. முதல் போர்டு முடிந்து தலை ஓய்ந்த இடைவெளியில், மெக்கானிக் மூடியைத் தூக்கினார். நீல டேப்பை நகத்தால் உரித்தார். அவள் தெரிந்தே மறைத்தாளா என்று நாளைக்கு யாரும் கேட்டுவிடக் கூடாது. ஒட்டியிருந்த பிசினைத் துணியால் துடைத்தார். எந்த பாட்டில் என்று இரண்டு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் துடைத்தார்.

பிறகு மூலைக்குப் போய், மெத்தை தைத்த நாற்காலியைத் தரையில் உரசாமல் தூக்கிவந்து பிரிண்டருக்கு முன்னால் போட்டார். உயரம் ஏறியிருந்தது. அவள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் அளவுக்கு இறக்கினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தெருவில் அவள் வண்டி திரும்பி வருவதற்குள் வெளியே நடந்தார்.