குறுக்குக்காற்றும் தர்பூசணி வாசனையும்

1

இந்தக் கதை செய்தித்தாள் வாங்கப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது. கற்பனையில் உதித்தது என்று பீற்றிக்கொள்ள ஆசைதான். ஆனால் நான் ஒட்டுக்கேட்டேன், அவ்வளவுதான்.

மொராவா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் சிற்றூரில், பேருந்து நிலையத்தை ஒட்டி லுபிங்காவின் பெட்டிக்கடை. பத்திரிகை, சூயிங்கம், சிகரெட், இப்போது புதிதாக வந்திருக்கும் வேப் என்கிற மின்சிகரெட் எல்லாம் அங்கேதான். எனக்கு முன்னால் இஸ்க்ரா நின்றிருந்தாள். வயது பதினாறு. ஊர் இசைக்குழுவில் டிரம்பெட் வாசிக்கிறவள்.

"குமா, அந்தத் தர்பூசணி வேப் ஒண்ணு குடுங்க. எனக்கில்ல, எங்க அண்ணனுக்கு."

"உனக்கு ஏதுடி அண்ணன்?"

"பெரியப்பா பையன்."

"உங்க பெரியப்பாவுக்கு மூணும் பொண்ணு. மூணு கல்யாணத்துலயும் ஆடி என் முட்டி தேஞ்சு போச்சு. பதினெட்டு ஆகாதவங்களுக்கு இத விக்கக் கூடாது, தெரியுமில்ல? உன் ஞானஸ்நானத்துல உன்னைக் கையில ஏந்தி நின்னவ நான். என் புதுச் சட்டைய நனைச்சவ நீ. எங்கிட்டயே வயசைக் கூட்டிச் சொல்றியா? சூயிங்கம் வேணா தர்றேன், வாங்கிட்டு ஓடு."

குமா என்றால் ஞானத்தாய்; பிள்ளையின் பெற்றோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கம் ரத்த சொந்தத்தைவிட அந்த உறவு ஒரு படி மேல். இஸ்க்ரா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். லுபிங்கா அவள் போவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தாள். கதை என்று எனக்குத் தோன்றியது அந்தத் தீக்குச்சியில்தான்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "நிக்கோடின் இளம் வயதினரை மிக எளிதில் அடிமையாக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் மூளையையும் நுரையீரலையும் அது—"

[கடைச் சன்னல் வழியாக லுபிங்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "இது கதையா, ஆஸ்பத்திரி சுவத்துல ஒட்டுற நோட்டீஸா?" என்றாள். நிறுத்திவிட்டேன். ஆனால் விஷயம் உண்மை என்பதால் அடிக்க மனம் வரவில்லை, கிடக்கட்டும்.]

இரண்டாவது முயற்சி: "ஆற்றின் மேல் மூடுபனி, யாரோ ஒரு ராட்சசச் சிறுமி ஊதிவிட்ட—"

[வெட்கமாக இருக்கிறது.]

மூன்றாவது: லுபிங்காவுக்குச் சில நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

இது நிற்கும். இதிலிருந்து போகலாம்.

3

லுபிங்காவுக்குச் சில நாளாகச் சரியான தூக்கம் இல்லை. இஸ்க்ரா ஒத்திகைக்குப் போகும் வழியில் கடைக்குள் தலையை நீட்டி அவள் கன்னத்தில் முத்தமிடுவது வழக்கம். அப்படி முத்தமிட்டபோது அந்தப் பெண்ணின் மேலங்கியிலிருந்து தர்பூசணி வாசனை வந்தது. நவம்பர் மாதம். எங்கள் ஊரில் நவம்பரில் முட்டைக்கோஸ் வாசனை வரும், தர்பூசணி வராது. போகும்போது இஸ்க்ரா இருமினாள்.

தான் விற்காவிட்டால் என்ன, வேறு எவனோ வாங்கிக் கொடுத்திருக்கிறான். லுபிங்கா கல்லாவைப் படாரென்று சாத்தினாள்.

இருமலுக்கு ஒரு கெடு இருந்தது. குடும்பத்தின் புனிதருக்கு எடுக்கும் ஸ்லாவா திருநாளன்று இஸ்க்ரா வீட்டு விருந்துக்கு நகரத்து இசைப்பள்ளி ஆசிரியர் வருகிறார். அவர் முன்னால் அவள் வாசிக்கவேண்டும். பாட்டின் முடிவில் ஒரே மூச்சில் இழுக்கவேண்டிய நீண்ட சுரம் ஒன்று உண்டு. அது நின்றால் பள்ளியில் இடம் உண்டு. உடைந்தால் ஊரிலேயே கிடக்கவேண்டியதுதான்.

இஸ்க்ராவின் அம்மா ராட்மிலாவிடம் சொல்லிவிடலாம். ஆனால் ராட்மிலா என்ன கேட்பாள் என்பதை லுபிங்கா தலையணையில் படுத்தபடியே கேட்டுவிட்டாள்: "இந்த ஊர்லயே அத விக்கிறது நீங்க ஒருத்திதானே குமா?" தான் விற்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஒரே பேச்சில் உறவே அறுந்துபோகும்.

ராட்மிலாவோ மகளின் இருமலுக்கு எப்போதோ காரணம் கண்டுபிடித்துவிட்டாள். குறுக்குக்காற்று.* மகளின் அறையிலும் கூடத்திலும் ஜன்னல் இடுக்குகளில் துணி திணித்தாள். பிளம் சாராயத்தில் ஊறவைத்த காலுறையை மகளுக்கு மாட்டிவிட்டாள். மூடிய அறைக்குள் இஸ்க்ரா ஊதிய ஆவி போக வழியில்லாமல் அங்கேயே சுற்றியது. "என் பொண்ணு ரூம்ல என்ன வாசனை தெரியுமா, தோட்டத்துக்குள்ள போன மாதிரி" என்று ராட்மிலா கடையில் வந்து பெருமையடித்தாள்.

* கதவும் ஜன்னலும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் வீட்டுக்குள் ஊடுருவும் காற்று. இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், ஒரு நாள் கழுத்து திரும்பாமல் போகும்போது தெரியும்.

4

இங்கே எனக்கு லுபிங்கா மேல் ஒரு சந்தேகம். ஓயாமல் புகைக்கிறவளுக்குப் பிள்ளையைத் திருத்த என்ன யோக்கியதை? வாசகர் கேட்பாரே. அதனால் இந்தப் பகுதியில் அவள் சிகரெட்டை விட்டுவிடுவதாக எழுதி, அவளிடமே காட்டினேன்.

"பொய்" என்றாள்.

"கதைக்கு நல்லா இருக்கும்."

"நான் பதினாலு வயசுல புடிச்சேன். அப்ப யாராவது ஒருத்தர் எங்கிட்ட வயசு கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். இப்ப நீ வந்து எழுதி என்ன பிரயோசனம்? அடி அத."

அடித்துவிட்டேன். சந்தேகமும் அதோடு போய்விட்டது.

5

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை, நாமாகப் போகவேண்டும். நானும் போனேன். அன்று வீட்டுக்காரர்கள் உட்காரக் கூடாது, வந்தவர்கள் மேல் குரலை உயர்த்தவும் கூடாது. லுபிங்காவின் திட்டமே அதில்தான் இருந்தது. வருடத்தில் ராட்மிலாவால் கத்த முடியாத ஒரே நாளில் விஷயத்தைச் சொல்லிவிடுவது.

"ராட்மிலா, உங்கிட்ட ஒரு விஷயம்—"

"முதல்ல சாமிக்குப் படைச்ச கோதுமை ஒரு கரண்டி எடுத்துக்கங்க குமா."

"இல்ல, நம்ம இஸ்க்ரா—"

"சூப் ஆறுது குமா."

"அவ நெஞ்சுல—"

"இன்னும் ரெண்டு சர்மா வெக்கிறேன். கறி பொதிஞ்ச கோஸ் இலை நம்ம வீட்டுது."

லுபிங்கா விழுங்கினாள், பேச வந்ததையும் சேர்த்து. ஜன்னலெல்லாம் மூடிய அறையில் அத்தனை பேரும் புகைத்துக்கொண்டிருந்தார்கள். எதிரில் இருப்பவரை மீசையை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது. அந்தப் புகைக்கு நடுவே இஸ்க்ரா எழுந்து நின்று வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள். கடைசியில் அந்த நீண்ட சுரம் வந்தது. ஏறியது, நின்றது, நடுங்கியது. உடைந்தது. டிரம்பெட்டைக் கீழே இறக்கிவிட்டு இருமினாள், இருமிக்கொண்டே இருந்தாள்.

ஆசிரியர் தன் தட்டைப் பார்த்தார்.

"குறுக்குக்காத்து!" என்று இஸ்க்ராவின் பெரியப்பா கத்தினார். "யாரு கடைசியா வந்தது? யாரு கதவச் சாத்தல?"

எல்லாத் தலையும் லுபிங்கா பக்கம் திரும்பியது. இரண்டு கையிலும் கேக் இருந்ததால் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தவள் அவள்தான்.

ராட்மிலா சிரித்த முகம் மாறாமல் தேன் ஒழுகப் பேசினாள். "பரவாயில்ல குமா. தெரியாமதானே செஞ்சீங்க. என் பொண்ணோட எதிர்காலம்தானே போச்சு. இன்னொரு சர்மா?"

இஸ்க்ரா லுபிங்காவைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று கெஞ்சும் பார்வை. லுபிங்காவுக்குப் பாவமாகவும் இருந்தது, இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது.

லுபிங்கா சிகரெட்டைச் சர்மாவிலேயே குத்தி அணைத்தாள். எழுந்தாள். ஜன்னல் துணியைப் பிடுங்கி எறிந்து ஜன்னலை அகலத் திறந்தாள். பிறகு போய் வாசல் கதவையும் திறந்தாள். ஒரு அத்தை சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"இது காத்து" என்றாள் லுபிங்கா. "இதுல யாரும் சாகல. இந்தப் பொண்ணு நெஞ்ச அடைக்கிறது வேற. அது என்னன்னு நான் சொல்ல மாட்டேன், அவ சொல்லுவா. சொல்லு இஸ்க்ரா. ஞானஸ்நானத்துல உனக்காக நான் பேசினேன், அப்ப உனக்குப் பேச்சு வரல. இப்ப வரும்."

இஸ்க்ரா வாயைத் திறந்தாள்.

6

அந்த இடத்தில் நான் ஓடிவிட்டேன்.

மன்னிக்கவேண்டும். என் நாற்காலி ஜன்னலுக்கும் கதவுக்கும் சரியாக நடுவில் இருந்தது. கழுத்து வேறு வியர்த்திருந்தது. எழுத்தாளனாக இருந்தால் மட்டும் கழுத்து பிடிக்காதா?

ஆகவே முடிவுகளை வீட்டில், கழுத்தில் கம்பளி சுற்றிக்கொண்டு எழுதினேன்.

(அ) இஸ்க்ரா எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள். ராட்மிலா புன்னகையோடு "சரி கண்ணு, சூப் குடி" என்கிறாள். நள்ளிரவு மணி அடித்துத் திருநாள் முடிந்ததும் கத்தத் தொடங்குகிறாள். பக்கத்து ஊர் நாய்கள் எழுந்துகொள்கின்றன.

(ஆ) ஆசிரியர் குனியும்போது அவர் சட்டைப் பையிலிருந்து ஸ்ட்ராபெரி வேப் ஒன்று விழுகிறது. [எழுதும்போதே சிரித்தேன். அதனாலேயே இது வேண்டாம்.]

(இ) யாரும் எதுவும் பேசவில்லை. யாரோ எழுந்து ஜன்னலைச் சாத்துகிறார்கள். சுரம் போனது போனதுதான். இஸ்க்ரா— [இதை எழுதி முடிக்க என்னால் ஆகவில்லை. அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது.]

மூன்றையும் கடைக்கு எடுத்துப் போனேன். லுபிங்கா படித்துவிட்டு, சன்னல் வழியாகத் திருப்பித் தந்தாள்.

"எதுவும் இல்ல."

"அப்ப என்னதான் நடந்துச்சு? சொன்னாளா? ராட்மிலா உன்னோட பேசுறாளா? அந்த வாத்தியார்—"

"நீதான் கழுத்தப் புடிச்சிக்கிட்டு ஓடிட்டியே."

"வாசகருக்கு ஒரு முடிவு வேணும் லுபிங்கா."

"அவளுக்குப் பதினாறு வயசுய்யா. அதுக்குள்ள அவளுக்கு எதுக்கு முடிவு? யாரு கேட்டாலும் நான் குடுக்க மாட்டேன். வேணும்னா சூயிங்கம் வாங்கிட்டுப் போ."

நான் சண்டை போட வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தி அடக்கினாள். தெருக்கோடியில் ஒத்திகைக் கூடத்திலிருந்து டிரம்பெட் கேட்டது. அதே பாட்டு. லுபிங்காவின் விரல்களில் சிகரெட் இருந்தது, பற்ற வைக்க மறந்துவிட்டாள். பாட்டு முடிவுக்கு வந்து அந்த நீண்ட சுரம் கிளம்பியது. வாசகரே, அது நிற்குமா உடையுமா என்று என்னைக் கேட்காதீர்கள். நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள், நான் முற்றுப்புள்ளி வைத்தால் அவளும் நிறுத்திவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது, பேருந்து கிளம்பிப் போய்விட்டது, லுபிங்கா கண்ணை மூடிக்கொண்டாள், அது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும்