மீஞ்சூரிலிருந்து வந்த அம்மை

டமாரென்று பித்தளைத் தவலை தரையில் விழுந்து உருண்டது. தண்ணீர் கூடத்தைத் தாண்டி வாசல்வரை ஓடியது. தவலையைக் கைநழுவ விட்ட பச்சையம்மா அதைக் குனிந்து எடுக்கவில்லை. புடவை மாற்றிக்கொண்டிருந்த மருமகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திலகவதி முந்தானையை இழுத்து மூடினாள். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. தொப்புளைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். எண்ணி மாளாது.

"எப்பத்திலேர்ந்துடி?"

"நேத்துலேர்ந்து, அத்தை."

"செவ்வாக்கெழமை அதுவுமா ஆத்தா வந்துக்கிறா, நான் பாட்டுக்கு மீன் கொழம்புக்குப் புளி கரைச்சிக்கினுக்கிறேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் பச்சையம்மா.

அரை மணி நேரத்தில் வீடு தலைகீழானது. வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது. தாளிப்பு நின்றது. மீன் அடுத்த வீட்டுக்குப் போனது. கண்ணாடி முன்னால் ஒரு கன்னம் மட்டும் மழித்திருந்த மணிகண்டனின் கையிலிருந்து ரேசர் பிடுங்கப்பட்டது.

"எம்மா, இந்தப் பக்கத்தையும் முடிச்சுக்கிறேனே."

"அம்மை போட்ட ஊட்ல கத்தி வெப்பியா? அப்படியே போ."

"மில்லுல சிரிப்பானுங்கம்மா."

"ஊட்ல ஆத்தா வந்துக்கிறான்னு சொல்லு. எவனும் சிரிக்க மாட்டான்."

ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னத்தில் தாடியும் சோப்பு நுரையுமாகவும் சிப்காட்டுக்குக் கிளம்பியவன், நல்ல கணவனாக, போகிற வழியில் மனைவியின் கம்பெனிக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டான். சூப்பர்வைசர் அன்புராஜ் உடனே திலகவதியைக் கூப்பிட்டார்.

"பத்து நாள் இந்தப் பக்கமே வராதேம்மா. வெள்ளிக்கிழமை ஆடிட்டை சத்யா பாத்துக்குவா."

திலகவதிக்கு அப்போதுதான் நிஜமாகவே காய்ச்சல் வருவதுபோல் இருந்தது.

ஏழு வருடமாக அவள் கார்களுக்கு பிளாஸ்டிக் பேனல் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்கர். டியூப் லைட்டுக்கு அடியில் பேனலைச் சாய்த்துப் பிடித்து, மயிரிழைக் கோடு தெரிந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. வெள்ளிக்கிழமை கார் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள். யார் அவர்களுக்குப் பதில் சொல்கிறார்களோ அவர்தான் அடுத்த லைன் லீடர் என்று அன்புராஜே சொல்லியிருந்தார்.

நாள் முழுக்கக் கோடு தேடிவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் கோடு. மகள் பூமிகா பிறந்து எட்டு வருடமாகியும் வயிற்றில் வெள்ளை வெள்ளையாக இருபத்திரண்டு கோடுகள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. மணிகண்டனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் அவள் கண்ணுக்கு அந்த வயிறு தினமும் ரிஜெக்ட் ஆகிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை லீவு போட்டு, தோழி வீட்டுக் காதுகுத்து என்று பொய் சொல்லி, கவரப்பேட்டையில் ரயிலேறி மீஞ்சூரில் ஒரு தோல் டாக்டரிடம் போய்விட்டாள்.

மரத்துப்போகிற களிம்பு தடவி, பேனா மாதிரியான மெஷினால் பொடி ஊசிகளை வயிறு முழுக்க ஓட்டினார் டாக்டரம்மா. "சுத்தமாப் போகாது, மங்கும். இன்னும் நாலஞ்சு தடவை வரணும். ரெண்டு மூணு நாள் செவப்பா இருக்கும். வெயில் கூடாது, சோப்பு கூடாது, நான் குடுக்கிற க்ரீம் தவிர வேற எதையும் பூசக் கூடாது" என்று சொல்லி ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

உண்மையைச் சொன்னால் வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகலாம். ஆனால் சொன்ன மறுநிமிடம் 'மூடி வெக்கிற வயித்துக்கு எதுக்குடி அழகு' என்று தெருவே கேட்கும். யோசித்துக்கொண்டிருக்கும்போதே பச்சையம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"காட்டு, பூசி உடறேன்."

"வேணாம்" என்று அலறாத குறையாக நகர்ந்தாள் திலகவதி.

பச்சையம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. குரலைத் தாழ்த்தினாள். "வேணாம்னு யாரு சொல்றது? நீயா, ஆத்தாவா?"

வேறு வழி தெரியவில்லை. "ஆத்தா" என்றாள் திலகவதி.

"இன்னா கேக்குறா?"

"மஞ்சா வேணாமாம். சோப்பு வேணாமாம். வெயில்ல போவக் கூடாதாம். ஃபேனை நாலுல வெக்கணுமாம்."

பச்சையம்மா பயபக்தியோடு எழுந்து ஃபேனை நாலில் வைத்தாள். இதுதான் சமயமென்று திலகவதி இன்னொரு வரி சேர்த்தாள். "வெள்ளிக்கெழம கம்பெனிக்குப் போவணுமாம்."

"ஆத்தாவுக்குக் கம்பெனில இன்னாடி வேலை? ஏழு நாளு, மூணு தண்ணி ஊத்தித்தான் அனுப்புவேன்."

ஆத்தா பேசுகிறாள் என்ற சேதி சாயங்காலத்துக்குள் தெருக்கோடிவரை போயிற்று. புதன்கிழமை காலை எதிர்வீட்டு செண்பகம் இளநீரோடு வந்தாள். புள்ளிகளைப் பார்க்க வந்தவள் வேறொன்றைப் பார்த்துவிட்டாள். ஊசி குத்திய வீக்கத்தில் வயிறு உப்பி, கோடுகள் இருந்த இடம் தெரியவில்லை. அது வீக்கம் வடியும்வரைதான் என்பது திலகவதிக்குத் தெரியும். செண்பகத்துக்குத் தெரியாது.

"ஏ திலகா, உனக்கு வயிறு முச்சூடும் கோடு கெடந்துச்சே. போன மாசம் கொழாயாண்ட பாத்தனே. ஆத்தா அழிச்சுட்டாளா?"

மதியத்துக்குள் தெருப் பெண்கள் பாதிப்பேர் வாசலில். வழக்கமாக அம்மை போட்ட வீட்டுப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். இவர்களோ அம்மையைப் பிடித்துக்கொண்டு போக வந்திருந்தார்கள். மணியம்மாள் தலையணையோடு வந்திருந்தாள்.

"அவ பாயில பத்து நிமிசம் படுத்துக்கினு போய்டறேன், பச்சையம்மாக்கா. எனக்கு மூணும் ஆபரேசன் பிரசவம்."

"அவ குடிச்ச இளநீ மிச்சம் கெடந்தா எனக்குக் குடு" என்றாள் செண்பகம்.

"கொண்டாந்தவளே நீதான. உன் கண்ணு முன்னாலயே குடிச்சு முடிச்சுட்டா, போ."

பச்சையம்மா வேப்பிலைக் கொத்தால் எல்லோரையும் விரட்டினாள். பிறகு, காற்று கருப்பு அண்டாமலிருக்க, வீட்டில் திறக்கிற மூடுகிற எல்லாவற்றிலும் ஒரு கொத்து செருகிக்கொண்டே வந்தாள். அரிசி டின், பீரோ, பூமிகாவின் ஸ்கூல் பை, கடைசியாக ஆணியில் தொங்கிய திலகவதியின் கைப்பை.

கைப்பையை மூட அவளுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. சாயங்காலம் கூழ் கொடுக்கும்போது மருமகளின் வயிற்றை உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் புடவையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். நாலு பெற்ற வயிறு அது.

வியாழக்கிழமை விடிந்தது. புள்ளிகள் மங்கிவிட்டன. இனி மறைத்துப் பயனில்லை, சொல்லிவிடலாம் என்று எழுந்தாள் திலகவதி. லைன் லீடர் வேலை சத்யாவுக்குப் போவதைவிடத் தெரு சிரிப்பது தேவலை.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திங்கக்கெழம நான்..."

"பேசாத. தலையைக் குனி."

வேப்பிலை மிதக்கும் தண்ணீர் சொம்பு சொம்பாகத் தலையில் விழுந்தது.

"முதல் தண்ணிதானே அத்தை இது?"

"இதான் கடைசி. ஆத்தா கெளம்பிட்டா" என்று தெருவுக்குக் கேட்கும்படி அறிவித்தாள் பச்சையம்மா. ஒரே தண்ணீரோடு கிளம்பிப்போன அம்மையை அந்தத் தெரு பார்த்ததில்லை. மணியம்மாள் தலையணையைக் கட்டிக்கொண்டு வாசலில் நொந்துபோய் நின்றாள்.

அதோடு விடவில்லை. மருமகளின் போனை வாங்கி அன்புராஜைக் கூப்பிட்டாள். "சார், நான் திலகா மாமியார் பேசறேன். அம்மையும் இல்ல கிம்மையும் இல்ல, வேர்க்குரு. எனக்குக் கண்ணு தெரியல, எம் புள்ளைக்குப் புத்தி தெரியல. வெள்ளிக்கெழம அவளே வருவா. சத்யாவைச் சும்மா ஒக்காரச் சொல்லுங்க."

தெருவுக்கு அம்மை, கம்பெனிக்கு வேர்க்குரு.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. இரண்டு கன்னமும் மழுமழுவென்றிருந்த மணிகண்டன் அவள் டிபன் டப்பாவைக் கொடுத்துவிட்டு பைக்கை எடுக்கப் போனான். கைப்பையைப் பச்சையம்மாவே எடுத்து வந்து தோளில் மாட்டிவிட்டாள். அதற்குள்ளிருந்த வாடிய வேப்பிலைக் கொத்தை எடுத்து வீசிவிட்டு, மருமகளின் காதருகே குனிந்தாள்.

"அடுத்த தபா ஆத்தா வர்றது இருபத்தெட்டாந்தேதி பதினோரு மணிக்குன்னு சீட்டுல போட்டுக்குது, மீஞ்சூருக்கு போன் பண்ணி எனக்கும் சேத்து ஒரு பேரு எழுதச் சொல்லு."