ஜானட்டின் பூசைக் கருத்து

ஊரே ஈயை விரட்டும். சாண்ட்ரா ஈக்குச் சோறு போட்டு வளர்ப்பவள். ராயபுரத்திலிருந்து தினமும் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய், குப்பிகளில் பழ ஈக்களை வளர்த்து, எது அதிக நாள் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் படிப்பு. அதோடு சும்மா இருந்தாளா? தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடு மாற்றி வீடு கூடிச் செபிக்கும் அன்பியத்தில் ஒரு மரபணுவின் பெயரைச் சொல்லி, "அது கொறைஞ்ச ஈங்க ரொம்ப நாள் வாழுது" என்று பெருமையடித்துவிட்டு வந்தாள்.

பக்கத்து வீட்டு ஜானட் அந்தப் பெயரை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். அவள் மகன் அலெக்ஸுக்கு நாலு வயது. வலிப்பு வந்து வந்து இன்னும் உட்காரக்கூட வரவில்லை. அந்த மரபணுதான் அவனுக்குக் கெட்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாளே கோயிலுக்கு ஓடி, மகனுக்கு நீண்ட ஆயுள் கிடைத்ததற்காக ஞாயிறு நன்றிப் பூசைக்குச் சொல்லிவிட்டு, கேசரியோடு சாண்ட்ராவின் முன்னால் வந்து நின்றாள்.

விஷயத்தைக் கேட்டதும் தன் பெருமை எங்கே போய் முடிந்திருக்கிறது என்று சாண்ட்ராவுக்குப் புரிந்தது. பேசாமல் கேசரியைத் தின்றிருக்கலாம். முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்திருப்பார்கள். இவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"குந்துக்கா. நான் அரைகொறையா சொல்லிட்டேன். அந்த மரபணு, செல்லுக்குள்ள சத்தை வுடுற வாசல் மாரி. ஈக்கு அதைப் பாதி மூடினா, பத்தியம் இருந்தாப்ல மெலிசா இருந்து ரொம்ப நாள் வாழுது. எலிக்கு முழுசா மூடினாலும் கொழுப்பு ஏறாம நல்லாத்தான் கீது. மனுசக் கொயந்தைக்கு அப்டி இல்ல. முழுசா மூடிட்டா மூளைக்கு ஆவுறதில்ல. அலெக்ஸுக்கு அதான் வலிப்பு. ஆயுசு கூடும்னு என்னால சொல்ல முடியாது. மாத்திரையை மட்டும் நிறுத்திடாத."

ஜானட் அழவில்லை. அழுதிருந்தால் சாண்ட்ராவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"பாதி மூடினா நல்லதுன்னியே, அப்டி மனுசங்க யாருன்னா கீறாங்களா?"

"நீயும் உன் வூட்டுக்காரரு சைமன் அண்ணனும்தான். ஆளுக்குப் பாதி மூடிக் கீது. ரெண்டும் சேந்துதான் அவனுக்கு முழுசா மூடிக்கிச்சு."

"அப்போ நாங்க ரொம்ப நாள் இருப்போமா?"

"தெரியலக்கா. மனுசங்கள்ல இன்னும் யாரும் உறுதியா சொல்லல."

"நீ பாத்துச் சொல்லு" என்று ஜானட் எழுந்தாள். "கேசரியைத் துன்னு. நான் கோயிலாண்ட போய்ட்டு வரேன்."

பூசையை நிறுத்தத்தான் போகிறாள் என்று சாண்ட்ரா நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாமியார், எதற்காக அந்தப் பூசை என்ற கருத்தை வாசித்தார்: "சைமனும் ஜானட்டும் நூறாண்டு வாழ வேண்டி."

பின் பெஞ்சில் அதே தெரு எஸ்தர் சிரித்தாள். "இன்னாமே, நூறு வயசு வோணுமா உனக்கு?"

மடியில் கிடந்த அலெக்ஸின் வாயோரத்தைத் துடைத்தபடியே ஜானட் திரும்பினாள்.

"ஆமா, வோணும். எனக்கப்புறம் இவனை நீயா தூக்குவ?"