அடுத்த வசனம்

லூர்துசாமிக்கு எண்ணெய் என்றால் பயம். சமையல் எண்ணெய் இல்லை, சாமியார் கையில் வரும் எண்ணெய். அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது, கடலூர் முதுநகர் வீட்டில் காய்ச்சலில் கிடந்த அம்மாவின் நெற்றியில் சாமியார் வந்து எண்ணெய் பூசினார். தெருவே வாசலில் கூடி முழங்கால் போட்டது. "அவஸ்தை பூசியாச்சு, இனிமே அவ்ளோதான்" என்று யாரோ சொன்னார்கள். மறுநாள் காலையில் அம்மா இல்லை. அது சாவுக்கு அல்ல, சுகத்துக்கு என்று இப்போதைய பங்குச் சாமியார் வருஷா வருஷம் நோயாளிகளுக்கான பூசையில் விளக்கம் சொல்கிறார். லூர்துசாமி அதைக் கேட்டதே இல்லை. அன்றைக்கு மட்டும் பூசை முடியும்வரை சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொள்வார். ஐம்பத்தெட்டு வயது மனுஷன், பைக் சீட்டுக்கு உறை தைத்தே குடும்பத்தைக் கரையேற்றியவர், ஒரு சொட்டு எண்ணெய்க்கு ஓடி ஒளிகிறார் என்றால் நமக்குச் சிரிப்பு வரும். அவருக்கு வராது.

அந்த எண்ணெய்தான் இப்போது சிதம்பரத்தில், ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டு வாசலில் வந்து நின்றது. கொண்டுவந்தவர் பாஸ்டர் பழனிவேல். கீரப்பாளையத்திலிருந்து மத்தியான வெயிலில் பைக்கில் வந்த வேர்வை கூட அவருக்கு அடங்கவில்லை.

"அண்ணே, மங்கலம் சிஸ்டர் வரச் சொன்னாங்க. எண்ணெ பூசி ஜெபம் பண்ணிட்டுப் போயிடறேன்."

"என் பொண்டாட்டி இன்னும் சாவல" என்று லூர்துசாமி அவர் கையிலிருந்த எண்ணெய் பாட்டிலைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "உன்னாலதான்யா அவ ஆபரேஷனுக்கு மாட்டேன்றா."

"வேணாம்னு நான் ஒரு வார்த்த சொல்லலண்ணே. அவுங்களையே கேட்டுப் பாருங்க." பாஸ்டர் கோபப்படவும் இல்லை, கிளம்பவும் இல்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கட்டிலில் இருந்த மங்கலம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். சுகர் பத்து வருஷமாக உண்டு. இடது பாதத்தில் ஒரு புண் வந்து, உள்ளே பரவி, இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. விரலை எடுத்தால் பாதம் தப்பும், தள்ளிப்போட்டால் முழங்கால்வரை போகும் என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டார். சாயங்கால ரவுண்டுக்குள் கையெழுத்து வேண்டும். மங்கலம் கை நீட்டவில்லை. ஆண்டவர் சுகமாக்குவார் என்றாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளும் மாதா கோயிலுக்குப் போனவள்தான். விடாத காய்ச்சல் ஒன்று வந்தது. பக்கத்து வீட்டுக்கு ஜெபிக்க வந்த இதே பாஸ்டர் இவளுக்கும் எண்ணெய் பூசி ஜெபித்தார். அன்று மாலையே காய்ச்சல் இறங்கிவிட்டது. அதோடு அவள் பாஸ்டரின் சபைக்குப் போய்விட்டாள். வீட்டில் ஜெபம் இரண்டாகிவிட்டது. முன்னறையில் அவள், பின்கட்டில் அவர். சாம்பார் ஒன்று, ஜெபம் வேறு.

இத்தனைக்கும் சண்டை ஒரே ஒரு வசனத்தைப் பற்றித்தான். பைபிளில் யாக்கோபு தம் கடிதத்தில் எழுதியது. உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால் சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும், விசுவாசமுள்ள ஜெபம் அவனை எழுப்பும் என்கிற பொருளில் வருவது. அதைக் கேட்டால் மங்கலத்துக்குக் காய்ச்சல் இறங்கிய மாலை நினைவுக்கு வரும். லூர்துசாமிக்கு அம்மாவின் நெற்றி. மகள் இசைவாணி இதே ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன், வாழ்க்கைப்பட்டது லுத்தரன் குடும்பத்தில். அவளுக்கு மூன்றாவதாக ஓர் அர்த்தம் இருந்தது.

"அந்தக் காலத்துல எண்ணெதான்மா மருந்து" என்று காலையிலிருந்து நாலாவது தடவையாகச் சொன்னாள். "மருந்து போடு, ஜெபமும் பண்ணுன்னுதான் அதுக்கு அர்த்தம். இப்ப எழுதியிருந்தா ஆன்டிபயாட்டிக்னு எழுதியிருப்பாரு. உன் சீழை நான்தான் டெஸ்ட் பண்ணேன். கையெழுத்து போடும்மா." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாக்டரிடம் இன்னும் ஒரு மணி நேரம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

மங்கலம் கணவர் பக்கம் திரும்பினாள். தலையணைக்குக் கீழே இருந்த கறுப்பு பைபிளை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"படிங்க. அதுல சாவுன்னு எங்க போட்டிருக்கு, காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா எண்ணெ வேணாம்."

ஒன்பது வருஷத்தில் அந்தப் புத்தகத்தை அவர் தொட்டதில்லை. தைக்கும்போது போடுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பக்கம் தானாகவே பிரிந்தது. வசனத்தின் அடியில் சிவப்பு மையில் கோடு. எத்தனை முறை போட்டாளோ, தாள் நைந்திருந்தது. வார்டு இரைச்சலுக்கு நடுவே வாசித்தார். வியாதி, மூப்பர், எண்ணெய், ஜெபம். சிவப்புக் கோடு முடிந்தது.

மங்கலமாக இருந்தால் அங்கே நிறுத்தியிருப்பாள். பாஸ்டரும் சாமியாரும் கூட அங்கேதான் நிறுத்துவார்கள். ஆனால் சீட் உறை தைக்கிறவன், ஓரம் முடிகிறவரை மிஷின் மிதியிலிருந்து காலை எடுக்க மாட்டான். நடுவில் நிறுத்தினால் தையல் அங்கேதான் பிரியும். முப்பது வருஷப் பழக்கம். பத்தி முடியவில்லை என்று கண்ணில் பட்டதும் லூர்துசாமி அடுத்த வசனத்தையும் வாசித்துவிட்டார்.

ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுங்கள், சுகமடையும்படி ஒருவருக்காக ஒருவர் ஜெபியுங்கள் என்று சொன்னது அது.

அவர் நிமிர்ந்தார். மங்கலமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவர் காதிலும் விழாத வசனம் இல்லை, ஆனால் ஒரு நாளும் உறைத்ததில்லை. பாவத்தைச் சாமியாரிடம்தான் சொல்ல வேண்டும் என்று அவர் மாசாமாசம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார். நேராக ஆண்டவரிடம் சொன்னால் போதும், நடுவில் ஆள் எதற்கு என்பது அவள் கட்சி. அதற்காகவும் சண்டை போட்டிருக்கிறார்கள். அவர் அவளிடம் சொல்வது, அவள் அவரிடம் சொல்வது என்கிற மூன்றாவது வழி, அவர்கள் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த வசனத்துக்கு ஒரு விரல்கடை கீழேயே இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. லூர்துசாமிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ உட்கார்ந்து எழுதிய மனுஷனுக்கு, முதுநகரில் ஒரு வீட்டின் முன்னறையில் நடப்பதை யார் போய்ச் சொன்னது?

ஏனென்றால் அந்த முன்னறையில்தான் அவர் அதைச் செய்தார்.

"மங்கலம்" என்றார். "நான் அந்தப் புண்ண பாத்தேன்."

"டாக்டர் கட்டு பிரிச்சப்பவா?"

"இல்ல. நாலு வாரம் முன்னாடி. நீ முட்டி போட்டு ஜெபம் பண்ணிக்கினு இருந்த. பின்னாடி நின்னு டீ குடிச்சேன். உள்ளங்காலு என் பக்கம் இருந்துச்சு. சின்னப் புண்ணுதான், ரத்தம் கசிஞ்சுது. உனக்குக் கால்ல உணர்ச்சி இல்லன்னு தெரியும். சொல்லல."

"ஏன்?"

"பண்ணட்டும் ஜெபம், பாப்போம்னு நெனச்சேன். உன் ஜெபம் தோத்தா நான் ஜெயிச்ச மாதிரின்னு." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. பைபிளின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். அவருக்கு அது தெரியவே இல்லை.

மங்கலம் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"பாஸ்டர் மேல கோவப்படாதீங்க" என்றாள் கடைசியில். "அவரு ஆபரேஷன் பண்ணிக்கோங்கன்னுதான் சொன்னாரு. எனக்கு விசுவாசமும் இல்ல ஒண்ணும் இல்ல. பயம். எங்க அக்காவுக்கு மொதல்ல விரலுன்னாங்க, அப்பறம் பாதம், அப்பறம் முட்டி. திரும்பி வரவே இல்ல. பயமா இருக்குன்னு சொன்னா எல்லாரும் சமாதானம் சொல்லி அனுப்பிடுவீங்க. ஆண்டவர் பேரச் சொன்னா வாயத் தொறக்க மாட்டீங்க. அவரு பேர வெச்சி பொய் சொன்னேன்."

முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் இருவரும் இப்படி ஒரு அமைதியில் உட்கார்ந்ததில்லை. பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது கோயில் முழுக்க மூச்சை அடக்குமே, அந்த நேரத்தில் மட்டும்தான் லூர்துசாமி இதற்கு முன் இப்படி உணர்ந்திருக்கிறார்.

"நான் கையெழுத்து போடறேன்" என்றாள் மங்கலம். "மொதல்ல எண்ணெ பூசிடணும்."

"பாஸ்டரைக் கூப்பிடறேன்."

"அவரு அப்பறம் வரட்டும். நீங்க பூசுங்க. ஒருத்தருக்காக ஒருத்தருன்னுதானே இருக்கு."

சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகித் திறந்தார். ஐம்பத்தொரு வருஷமாகத் தப்பித்த எண்ணெய் பெருவிரலில் வழிந்தது. மங்கலத்தின் நெற்றியில் சிலுவை போட்டார். "இவளக் குடுத்துடு சாமி" என்று மட்டும் சொன்னார்.

அவள் பாட்டிலை வாங்கினாள். தன் விரலை நனைத்துக்கொண்டு அவரைக் குனியச் சொன்னாள்.

"எனக்கு எதுக்கு? எனக்கு வியாதி இல்ல."

"குனிங்க" என்றாள்.

குனிந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். அம்மா கிடந்த பாய், தெருவே போட்ட முழங்கால், எல்லாம் ஒரு கணம் வந்து நின்றன. அவள் விரல் நெற்றியில் குளிர்ச்சியாக நகர்ந்தது.

டாக்டரைப் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்த இசைவாணி, கட்டிலருகில் வந்ததும் நின்றுவிட்டாள். அம்மா கையெழுத்துத் தாளைக் கேட்டுக் கை நீட்டினாள். தாளைக் கொடுத்தபடியே மகள் இருவர் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னாப்பா இது? ஆபரேஷன் யாருக்கு?"

லூர்துசாமி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எண்ணெய் இன்னும் ஈரமாக இருந்தது. அவர் உயிரோடு இருந்தார்.