நடுவில் நின்றால் அவுட்

அந்த விளையாட்டைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தேன். வகுப்பின் இந்தப் பக்கம் பச்சைப் பாய், அந்தப் பக்கம் சிவப்புப் பாய். நான் ஓர் ஆளைச் சொல்லிக் கத்துவேன். அந்த ஆள் தொட்டால் பரவாயில்லை என்று தோன்றினால் பச்சைக்கு ஓட வேண்டும், பிடிக்காது என்றால் சிவப்புக்கு. நடுவில் நின்றால் அவுட். உடம்புப் பாதுகாப்பைப் பாடமாக நடத்தினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், ஓடவிட்டால் மண்டையில் ஏறும் என்பது என் கட்சி.

என்னோடு தன்னார்வலனாக வந்தவனுக்குப் பட்டப்பெயர் ஸ்பீக்கர். மைக் இல்லாமலே பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற தொண்டை. அவன் விசில் ஊத, நான் கத்த, மூன்றாம் வகுப்பு அதிர்ந்துகொண்டிருந்தது. வகுப்பு டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றார்.

“அம்மா!” என்றேன். பச்சைப் பாயில் கால் வைக்க இடமில்லை.

“டாக்டர்!”

“ஊசி போடுற டாக்டரா, மாத்திரை குடுக்குற டாக்டரா?” என்றான் ஒரு குண்டுப் பையன்.

“ஊசி!”

“அப்போ ஒரு பாய் பத்தாதுக்கா, இன்னொரு சிவப்புப் பாய் போடுங்க!”

எந்தச் சுற்றானாலும் முதலில் போய்ப் பாயைத் தொட்டது ஓர் ஒல்லிப் பெண். அவளுக்கு மின்னல் என்று பேர் வைத்துவிட்டேன். கூப்பிட்டால் பல் விழுந்த இடம் தெரியச் சிரித்தாள்.

“டியூஷன் சார்!”

எல்லாரும் ஓடினார்கள். மின்னல் மட்டும் நடுவிலேயே நின்றாள். சட்டைக் காலர் வாயில் இருந்தது.

“என்ன மின்னலு, கரெண்ட் போயிருச்சா?”

வகுப்பே சிரித்தது.

“கூச்சமா இருக்கும்க்கா.”

“கூச்சமா? உனக்கா? உனக்கும் கூச்சத்துக்கும் ரொம்ப தூரமாச்சே! சீக்கிரம் போ, இல்லேன்னா அவுட்டு!”

ஸ்பீக்கர் பத்திலிருந்து கீழே எண்ணத் தொடங்கினான். பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். மின்னல் எந்தப் பக்கம் கூட்டம் அதிகம் என்று பார்த்தாள். மெதுவாக நடந்து பச்சைப் பாயில் ஏறினாள். நான் கைதட்டி, ஓடிப்போய், அவளைக் கேட்காமலே கன்னத்தில் ஒரு ஸ்டார் ஒட்டிவிட்டேன்.

சாயங்காலம் வீட்டில் அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் சோபாவில் படுத்துக்கொண்டு தன் மூன்று வயது மகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நான் நடு வீட்டில் நின்று அன்றைய கதையை நடித்துக் காட்டினேன்.

“வாயாடிக்கு மேடை கிடைச்சா கேக்கவா வேணும்,” என்றான் அண்ணன்.

“நீ சும்மா இரு. அண்ணி, ஒருத்தி இருந்தா பாருங்க. எல்லாத்துக்கும் முதல்ல ஓடினவ, டியூஷன் சாருன்னதும் அப்படியே நின்னுட்டா.” காலரைக் கடித்துக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, அவள் குரலிலேயே இழுத்தேன். “கூச்சமா இருக்கும்க்கா...”

அண்ணி சிரித்துவிட்டார்.

“கூச்சமா இருக்குப்பா! விடு! கூச்சமா இருக்கு!”

சோபாவில் குட்டி துள்ளிக்கொண்டிருந்தாள். அண்ணனின் விரல்கள் அவள் விலாவில் இருந்தன.

“அவதான் விடுன்னு சொல்றாளே, விடுங்களேன்,” என்றார் அண்ணி.

அண்ணன் கையை எடுத்தான். என் தோள் இன்னும் குறுகியபடியே இருந்தது.

நான் கேட்டது என்ன? டியூஷன் சார் தொட்டால் எப்படி இருக்கும் என்பதுதானே? அவள் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறாள். எட்டு வயதில் தனக்குத் தெரிந்த சொல்லை வைத்துச் சொல்லியிருக்கிறாள். வெட்கப்படுகிறாள் என்று நானாக முடிவுகட்டி, அத்தனை பேரையும் அவளைப் பார்த்துச் சிரிக்கவைத்திருக்கிறேன். அது போதாதென்று வீட்டிலும் வந்து அவளை மாதிரி நடித்திருக்கிறேன்.

“என்னாச்சும்மா, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?” என்றார் அண்ணி.

“நான்தான் அண்ணி அவள பச்சையில நிக்கவெச்சேன்.”

மாடிப்படியில் நின்று ஸ்பீக்கரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

“அவ வீட்டுக்கே போயிடறேன்டா.”

“போய்? ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கலாம். இருந்தா, நீ நோண்டி நோண்டிக் கேட்டு அவ வாய அடைச்சிருவ. முதல்ல டீச்சருக்குப் போனைப் போடு.”

“இன்னிக்கு டியூஷன் இருந்தா?”

“அதுக்குத்தான் இப்பவே போடுங்கறேன்,” என்றான் ஸ்பீக்கர்.

டீச்சரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ‘நான் சிரிச்சிட்டேன் மிஸ்’ என்பதையும்தான். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“அவங்க அம்மாகிட்ட நான் பேசறேன். இன்னிக்கு டியூஷனுக்கு அனுப்ப வேணாம்னு சொல்லிடறேன். காலையில நீ வா,” என்றார்.

மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே, யாரும் இல்லாத வகுப்பில் மின்னலை உட்காரவைத்திருந்தார் டீச்சர். நான் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தேன்.

“நேத்து நீ சொன்னத அக்கா சரியாக் கேக்கல. அவுட்டுன்னு சொன்னது என் தப்பு. சிரிச்சதும் தப்பு.”

“அதான் அப்புறம் பச்சைல நின்னுட்டேனே,” என்றாள். என்னைச் சமாதானப்படுத்துகிற குரல். எனக்குத் தரையோடு தரையாகிவிடலாம் போலிருந்தது.

“அங்க நிக்கணும்னு உனக்குத் தோணல, இல்ல?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து டீச்சர் நாற்காலிக்குப் பின்னால் போய், அவர் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“சொல்றேன் மிஸ். ஆனா அந்த அக்கா சிரிப்பாங்க.”

சிரிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ண வாயெடுத்துவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“அக்கா இருக்கட்டுமா, போகட்டுமா?” என்று கேட்டார் டீச்சர்.

“போகட்டும்.”

எழுந்தேன். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து, “கதவ மூடிக்கங்க,” என்றாள்.

மூடினேன். சத்தம் வராமல் மூடினேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் குண்டுப் பையன் நாலு பேரோடு மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“அக்கா! இன்னிக்கும் விளையாட்டா?”

“இல்லடா.”

“அப்போ வழி விடுங்க, பைய வெக்கணும்.”

“இங்கேயே வை. உள்ள ஒருத்தர் பேசிட்டிருக்காங்க.”

“யாரு? என்ன பேசறாங்க?”

“எனக்குத் தெரியாது,” என்றேன். கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டேன்.