ஒடிலாவின் உயிர்

பகடையைக் கையில் எடுத்துவிட்டால் என் புருஷன் வெண்டலுக்கு ஈவிரக்கம் கிடையாது. ஓக்லண்டில் எங்கள் சமையலறை மேசையில், அவனே எழுதிய பூதவேட்டை விளையாட்டு வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும். அதில் ஒவ்வொரு வீரருக்கும் பதினாறு உயிர்ப்புள்ளி; அடிபட அடிபடக் குறையும், தீர்ந்தால் சாவு. போன வாரம், இரண்டு வருடமாக நான் ஆடிவந்த வீராங்கனை ஒடிலாவைப் பூதத்தின் கோடாலியால் தீர்த்துவிட்டான்.

"கையில கேடயம் இருந்துச்சே?" என்றேன்.

"கேடயமென்ன பெரிய கேடயம். விதிப்படி அது ஒரு புள்ளியைத்தான் தடுக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிறுதோறும் பூங்காவில் பழங்காலப் போர் விளையாட்டுக் கூட்டத்தோடு தலைக்கவசம் மாட்டிப் பிரம்பு வாளால் சண்டை போடுகிறவள் நான். எனக்கா கேடயத்தின் அருமை தெரியாது?

"நீயே வந்து அடிச்சுப் பாரு. என் மேல அடி விழுந்தா ஒடிலா செத்தது செத்ததுதான். உன்னை நான் முதல்ல சாய்ச்சா அவ பொழைக்கணும்."

ஞாயிறன்று பூங்காவில் இரவல் கவசத்தில் வியர்த்துக்கொண்டு வந்து நின்றான். தலையிலோ உடம்பிலோ ஓர் அடி சரியாக விழுந்தால் எங்கள் கூட்டத்தில் செத்த கணக்கு. ஆனால் அதை அடிபட்டவர்தான் சொல்லவேண்டும். அடித்தவர் கேட்பது அசிங்கம்.

என் முதல் வீச்சே அவன் மண்டையில் விழுந்த மாதிரி இருந்தது. அவனோ "செத்தேன்" என்று சொல்லாமல் வாளை ஓங்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தேன். என் கேடயத்தைப் போட்டு மொத்து மொத்தென்று மொத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் நழுவி என் விலாவில் இறங்கியது.

கேடயம் மறைத்ததில் சுற்றி நின்ற யாரும் அதைப் பார்க்கவில்லை. அவனுக்கே தெரியவில்லை, மறுபடி ஓங்கிக்கொண்டிருந்தான். சொல்லாமல் விட்டால் ஒடிலா பிழைப்பாள். ஆனாலும் "செத்தேன்" என்று சொல்லிப் புல்லில் விழுந்தேன். அழுகை முட்டியது.

வெண்டல் கவசத்தைக் கழற்றிவிட்டுக் குனிந்தான். "ஒரே அடிக்கா விழுந்துட்டே? எனக்கு மொத அடியே நங்குன்னு மண்டையில விழுந்துச்சு. ஆறு புள்ளி போனாலும் இன்னும் பத்து இருக்குமேன்னு நான் நிக்கலையா?"

பூங்காவே சிரித்தது. நடுவர் ஹெஸ்டர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள். "இங்க புள்ளியும் கிடையாது, மண்ணும் கிடையாது. நீ அப்பவே பொணம்ப்பா. பொணம் அடிச்ச அடி செல்லாது."

வெண்டலுக்குக் காதுவரை சிவந்துவிட்டது.

"அப்ப ஒடிலா?" என்றேன், படுத்தபடியே.

"பொழைச்சிட்டா." என் கேடயத்தை மொத்தி மொத்தி வலித்த தோளைத் தேய்த்துக்கொண்டான். "கேடயத்துக்கும் மூணு புள்ளியா போட்டுடறேன், தாயே."

அப்பாடா என்றிருந்தது. எழுந்து, அத்தனை பேர் முன்னாலும் அவனுக்கு ஒரு முத்தம் கொடுத்தேன்.